பரிசோதித்தவர் கையொப்பம்

எமது கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர் காட்டிய செய்தியொன்று எம் உள்ளத்தை விட்டு அகலாது நிற்றலின், அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். கணினியின் நினைவகச் சாதனங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என அளந்து கூறும் செய்நிரலொன்றை, அதனை எழுதாத பிறர் எவ்வாறு பரிசோதிக்கின்றனர் என்பதே அச்செய்தி. இத்துறை எமக்குரியதன்று. கேட்டும் படித்தும் அறிந்த அளவிற் கூறுகின்றோம். பிழை காணின் துறைபோயோர் பொறுத்துத் திருத்துவாராக. ஆனால், இதனின்று யாம் பெறும் முடிபு எமது வகுப்பறைகளுக்குரியது. அதனைக் கூறும் உரிமை எமக்கு உண்டு.

அம்மாணவர் இங்கு படித்த காலத்திற் கட்டுரை எழுதுவதில் வல்லவர். எழுதியதைத் திரும்பப் படிப்பதில் அத்துணை விருப்பம் இல்லாதவர். இப்பொழுது வெளிநாடொன்றிற் கணினிப் பொறியியலாளராக இருக்கின்றார். “என்ன எழுதுகின்றீர்?” என வினவினோம். “நான் இப்போது எழுதுவது குறைவு, சேர். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பிழை பார்ப்பதுதான் வேலையிற் பாதி” என்றார். “அஃது எம்முடைய தொழிலன்றோ?” என்று யாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை. தம் மடிக்கணினியைத் திறந்து, எம் மேசையிற் கிடந்த கட்டுரைக் கொப்பிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் எமக்குப் பாடம் நடத்தினார்.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் பெயரை இன்றைய மாணவர் பலரும் கேட்டிருப்பர். 1991 ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிய முயற்சி அது. இன்று அன்ட்றொயிட் வகைக் கைத்தொலைபேசிகள் யாவும் அதன்மேலேயே இயங்குகின்றன. உலகின் மிகப் பெரிய 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 ஆம் ஆண்டு முதல் அதனையே கொண்டுள்ளன. அம்முறைமையின் உள்ளீடாய் நிற்பது கேர்னல். ஓட்டினுள்ளே பருப்பு இருப்பது போல இருந்து, கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஆள்வது அதுவே. கேர்னலுக்கும் ஒரு குறிப்பிட்ட வன்பொருளுக்கும் இடையில் நின்று, ஒன்றன் மொழியை மற்றதற்கு உணர்த்தும் செய்நிரற் பகுதியைச் செலுத்தி என்பர். ஆங்கிலத்தில் டிறைவர் என வழங்குவது இதனையே. செலுத்தி கேர்னலின் உள்ளேயே நின்று தொழில் செய்வதால், அதிலுள்ள சிறு பிழையும் கணினி முழுவதையும் தாக்கவல்லது.

இனி, நினைவகச் சாதனத்துக்கு வருவோம். செயலிக்கு வேண்டிய தரவுகள் நினைவகத்திலிருந்து வருகின்றன. ஒருமுறை போய் வருவதற்குச் சுமார் 100 நனோசெக்கன் செல்லும். அஃதாவது ஒரு செக்கனைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு. மனிதருக்கு இஃது ஒன்றுமன்று. செயலிக்கோ நெடுங் காத்திருப்பு. பெருங்கணினிகளில், அருகிலுள்ள நினைவகம் போதாமையால், வேறு சாதனங்களில் நினைவகத்தை வைத்து வேகமான இணைப்பினால் தொடுக்கும் வழக்கம் வளர்ந்து வருகின்றது. அதற்கென 2019 ஆம் ஆண்டிலே சீ.எக்ஸ்.எல். என்னும் பொதுவிதி ஒன்று வகுக்கப்பட்டது. தொலைவிலுள்ள அந்நினைவகத்துக்குச் சென்றுவர இன்னும் கூடிய நேரம் செல்லும். ஆகவே எத்தரவை அருகில் வைப்பது, எதனைத் தொலைவில் வைப்பது என்பதை அறிந்து செய்தல் வேண்டும். அறிவதற்கு அளத்தல் வேண்டும். அளப்பதற்கான உறுப்பொன்றின் இலக்கணத்தை அவ்விதியின் மூன்றாம் பதிப்பு 2022 ஆகஸ்ட் மாதத்தில் வரையறுத்தது. அவ்வுறுப்பைச் செலுத்தும் செய்நிரல், 2023 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 6.5 பதிப்பிற் சேர்ந்தது.

அவ்வுறுப்பின் தொழில் எண்ணுதல். கோயில் வாயிலில் நின்று உள்ளே செல்வோரை எண்ணுபவன் போல, இத்தனை வேண்டுகோள் வந்தன, இத்தனை விடைகள் சென்றன என்று எண்ணி, எண்ணிக்கையைத் தன்னுள் வைத்திருக்கும். செலுத்தி இடையிடையே சென்று அவ்வெண்ணிக்கையை வாங்கி வந்து கேட்பவருக்குத் தரும். ஒரு போக்குவரத்திற் பெரும்பாலும் 64 பைற்று செல்லும். ஆகவே எண்ணிக்கையை 64 ஆற் பெருக்கினால், எவ்வளவு தரவு சென்றது என்பது தெரியும். இத்துணை எளிய தொழிலிற் பிழைபட என்ன உண்டு என யாம் வினவினோம். “அதுதான் சேர், எல்லாரும் ஏமாறும் இடம்” என்றார் அவர்.

ஒருவர் ஒரு செலுத்தியை எழுதினால் அதனைத் தாமே கேர்னலிற் சேர்த்துவிடுதல் இயலாது. எழுதியதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எதற்காக என்னும் விளக்கத்துடன் மின்னஞ்சலில் யாவரும் காண அனுப்புதல் வேண்டும். அப்பகுதியைப் பாட்ச் என்பர். ஒட்டு என நாம் கூறலாம். பல நாடுகளிலும் இருப்போர் அதனை வரி வரியாகப் படித்து, ஐயங்களையும் பிழைகளையும் அவ்வவ் வரியின் கீழ் எழுதித் திருப்பி அனுப்புவர். எழுதியவர் திருத்தி இரண்டாம் முறை அனுப்புவார். பின்னர் மூன்றாம் முறை. பத்து முறை திருத்தியும் ஏற்கப்படாத ஒட்டுகள் உள. முன்பு அனுப்பியதற்கும் இப்போது அனுப்புவதற்கும் என்ன வேறுபாடு என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுதல் மரபு. எம் மாணவர் கொப்பியில் “திருத்தம்” என்று தலைப்பிட்டு எழுதும் வழக்கம் எமக்கு நினைவு வந்தது.

படிப்போர் காணும் பிழைகள் சிலவற்றை எமக்கு விளங்கும் வகையில் அவர் எடுத்துரைத்தார். முதலாவது, எண்ணியின் அகலம். பழைய மோட்டார் வண்டியில் ஓடிய தூரம் காட்டும் கருவி ஐந்து இலக்கம் உடையது எனக் கொள்வோம். காலையில் 99,990 என நின்றது. மாலையில் 00,015 எனக் காட்டுகின்றது. மாலை எண்ணிலிருந்து காலை எண்ணைக் கழிப்பவன் வண்டி பின்னோக்கி ஓடியது என்பான். கருவி ஒரு சுற்றுச் சுற்றி வந்ததை அறிந்தவனோ 25 என்று சரியாகக் கூறுவான். கணினியின் எண்ணியும் இத்தகையதே. 32 பிற்று அகலமுடைய எண்ணி 4,294,967,295 வரை எண்ணி, அடுத்த எண்ணிக்கையிற் சுழிக்குத் திரும்பும். செக்கனுக்கு நூறு கோடி நிகழ்ச்சிகள் நடப்பின், நான்கு செக்கன் சிறிது கடந்ததும் ஒரு சுற்று முடியும். 48 பிற்று அகலமாயின் மூன்று நாளுக்குச் சற்று மேற் செல்லும். செலுத்தி இதனை அறிந்து கழித்தல் வேண்டும். இரு பார்வைகளுக்கிடையில் எண்ணி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் எத்துணைக் கணக்கறிவாலும் அதனைக் கண்டுபிடித்தல் இயலாது. ஆதலின், சுற்று முடிந்தவுடன் எண்ணியே கூவி அழைத்துச் செலுத்தியை எழுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது பிழை, தமிழாசிரியராகிய எமக்குப் பெரிதும் இனித்தது. கேர்னலின் பெரும்பகுதி சீ என்னும் மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் 1 என வெறுமே எழுதினால், அஃது இக்கணினிகளில் 32 பிற்று அகலமுடைய எண்ணாகவே கொள்ளப்படும். அதனை 48 இடம் நகர்த்துக என ஒருவர் எழுதினால், அத்தொடருக்கு அம்மொழியின் இலக்கணம் யாதொரு பொருளும் கூறுவதில்லை. பார்வைக்கு நன்கு அமைந்த வாக்கியம். இலக்கணத்திலோ அதற்கு இடமில்லை. ஒரு கணினியில் ஒரு விடை வரும். மற்றொன்றில் வேறு விடை வரும். அந்த 1 இன் பின் இரண்டோர் எழுத்தைச் சேர்த்து, அதனை அகன்ற எண் என உணர்த்தினால் குற்றம் நீங்கும். ஒற்று மிகும் இடத்தில் மிகாமல் எழுதிப் பொருள் மாறிய வாக்கியங்களை யாம் ஆண்டாண்டாகச் சிவப்பு மையாற் சுழித்து வந்திருக்கின்றோம். அவ்வளவு சிறிய பிழையே இதுவும்.

இன்னும் சில உள. எண்ணியின் அழைப்பைக் கேட்கும் கடமை ஒரு குறித்த செயலியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். அச்செயலியை நிறுத்தினால் கடமை வேறொன்றுக்குக் கைமாறுதல் வேண்டும். வகுப்புத் தலைவன் வராத நாளில் இடாப்பு யார் கையில் என்பது போன்ற வினா இது. அன்றியும், சாதனத்தைத் தொடங்கும்போது ஐந்து பொருள்களைப் பெற்று, ஆறாவது கிட்டாது போயின், பெற்ற ஐந்தையும் முறைமாற்றித் திருப்பிக் கொடுத்தே விலகல் வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கும் வழியை எழுதியவர் பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். தவறும் வழியை அவர் ஒருமுறையும் நடந்து பார்த்திருக்கமாட்டார். படிப்பவரே அவ்வழியில் நடத்தல் வேண்டும். இறுதியாக, பெயர். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பெயரிட்டு வெளியிட்டுவிட்டால், பிறர் தம் செய்நிரல்களில் அப்பெயரை எடுத்தாளத் தொடங்குவர். பயன்படுத்துவோரின் செய்நிரலை உடைக்கலாகாது என்பது கேர்னல் உலகின் உறுதியான கட்டளையாதலின், தவறான பெயரும் அங்கே நிலைத்துவிடும்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தென எண்ணினார். அவற்றுள் கூறியது கூறலும், மாறுகொளக் கூறலும், மயங்க வைத்தலும் செய்நிரலுக்கும் குற்றங்களே என எம் மாணவருக்குக் கூறினோம். அவர் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதுகோல் எதுவாயினும் எழுத்தின் குற்றம் ஒன்றே போலும்.

இவ்வளவும் கேட்டபின்னர் அவர் கூறிய ஒரு வார்த்தையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மற்றைச் செலுத்திகளிற் பிழை இருந்தால் அஃது ஏதோ ஒரு வகையில் வெளிப்படும். வட்டுச் செலுத்தி தவறினால் கோப்பு அழியும், வலையமைப்புச் செலுத்தி தவறினால் தொடர்பு அறும், பயன்படுத்துபவன் கூக்குரலிடுவான். அளக்கும் செலுத்தி தவறினால் ஒன்றும் நிகழாது. கணினி வழக்கம் போல ஓடும். ஓர் எண்ணும் வெளிவரும். அவ்வெண் பொய் என்பது மாத்திரம் எவருக்கும் தெரியாது. பொய் எண்ணை நம்பிப் பொறியியலாளர் தரவை இடம் மாற்றுவர். நிறுவனத்தார் பெரும் பொருள் கொடுத்து வேண்டாத நினைவகத்தை வாங்குவர். எவரும் முறையிடார். தராசின் தட்டு ஒருபுறம் சாய்ந்திருப்பின், நிறுக்கப்படும் பண்டம் அதனைச் சொல்லுமா? ஆகவே அளவுகருவியின் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஓர் இடமே உண்டு. அஃது அக்கருவி பயன்பாட்டுக்கு வருமுன், எழுதாத இன்னொருவர் அமர்ந்து படிக்கும் மேசை.

நல்ல அளவின் பயனுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறுவோம். 2024 மார்ச் மாதத்தில், அன்றெஸ் ஃபிறொயின்ட் என்னும் பொறியியலாளர், தொலைவிலுள்ள கணினிக்குட் புகுவதற்கு அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கண்டார். மற்றையோர் அதனைப் பொருட்படுத்தியிரார். அவர் லினக்ஸின் அளவுகருவியாகிய பேர்ஃப் என்பதனைக் கொண்டு ஆராய்ந்தார். நேரம் செலவாகும் இடத்தைக் கண்டார். பரவலாக வழங்கும் எக்ஸ்.இசட். என்னும் சுருக்குமென்பொருளினுள் எவரோ மறைத்து வைத்த கள்ளவாயில் ஒன்று வெளிப்பட்டது. அவர் நம்பிய எண் பொய்யாயிருந்தால் அக்கள்ளம் இன்னும் நெடுங்காலம் மறைந்திருத்தல் கூடும்.

இவ்விடத்தில் எம் சொந்தக் குற்றம் ஒன்றை மலரிலே பதிவு செய்ய விரும்புகின்றோம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, வேறொரு பாடசாலையில் யாம் பணிதொடங்கிய ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. தவணைப் பரீட்சைத் தமிழ் வினாத்தாளை உடன் ஆசிரியர் ஒருவர் ஆக்கினார். வினாத்தாளையும் விடைப்பட்டியலையும் பரிசோதித்துக் கையொப்பமிடும் கடமை எம்முடையது. அன்று பிற்பகல் விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்கள் இருந்தன. வினாத்தாளை ஓரளவு பார்த்தோம். விடைப்பட்டியலைப் பாராமலே கையொப்பமிட்டோம். அடுத்த ஆண்டு, பயிற்சிக்காக அதே வினாத்தாளை வகுப்பிற் கொடுத்தபொழுது, ஒரு மாணவி எழுந்து, “சேர், பதினோராம் வினாவுக்கு இரண்டாவதுதானே சரி? பட்டியலில் மூன்று என்று இருக்கிறதே” என்றாள். அவள் கூறியதே சரி. சென்ற ஆண்டு சரியாக எழுதிய பிள்ளைகள் அனைவரும் புள்ளி இழந்திருந்தனர். தவறாக எழுதியவர்கள் பெற்றிருந்தனர். விடைத்தாள்களைத் தேடினோம், அவை அழிக்கப்பட்டுவிட்டன. எத்தனை பேருக்கு இழப்பு நேர்ந்தது, வகுப்பிற் பரிசு பெற வேண்டியவர் பெறாது போனாரா என்பவற்றை இன்றுவரை யாம் அறியோம். ஒரு பெற்றோரும் முறையிடவில்லை. ஒரு பிள்ளையும் அழவில்லை. பிழையான அளவுகருவி அமைதியாகத் தன் தொழிலைச் செய்து முடித்திருந்தது. அதன் கீழே எம் கையொப்பம் இருந்தது.

கேர்னல் எழுதுவோர் கையொப்பத்தை எவ்வாறு கருதுகின்றனர் என்பதை எம் மாணவர் காட்டியபொழுது, இந்நினைவினால் எம் முகம் கன்றியது. ஒவ்வோர் ஒட்டின் அடியிலும் பெயர்கள் வரிசையாக நிற்கும். எழுதி அனுப்பும் உரிமை தமக்குண்டு எனச் சான்று கூறும் கையொப்பம் 2004 ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. ஓட்டிப் பார்த்தவர் பெயர் வேறு. பிழையை முதலில் அறிவித்தவர் பெயர் வேறு. உடன்பட்டவர் பெயர் வேறு. பரிசோதித்தவர் பெயர் வேறு. ஒன்றுக்காக மற்றொன்றை இடலாகாது. மேலோட்டமாகப் பார்த்து “நன்று” என்பவர் உடன்பட்டவரேயன்றிப் பரிசோதித்தவர் ஆகார். பரிசோதித்தவர் எனப் பெயரிடுபவர் எவற்றுக்குச் சான்று கூறுகின்றார் என்பதும் எழுதி வைக்கப்பட்டுள்ளது. ஒட்டு கேர்னலிற் சேரத் தக்கதா என ஆராய்ந்தேன். எனக்குத் தோன்றிய குறைகளையும் ஐயங்களையும் எழுதியவருக்கு அறிவித்து, அவர் தந்த விடையால் நிறைவடைந்தேன். இன்னும் செம்மை செய்ய இடமிருப்பினும், இஃது இப்போது பயனுடையது, அறிந்த குற்றம் இல்லாதது. ஆயினும் இது தவறவே தவறாது என உறுதி கூறேன் என்பனவே அவற்றின் கருத்து. இறுதி வாசகத்தின் அடக்கத்தைக் காண்க. பிழையே இராது என எவரும் சத்தியம் செய்யக் கேட்கவில்லை. உண்மையாகப் படித்தாயா என்பதே வினா.

இது முற்றிலும் புதியதன்று. ஆறுமுகநாவலர் காலத்து நூல்களின் முகப்பிலே, ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர் பெயர் நூலாசிரியர் பெயரோடு நிற்பதைக் காண்கின்றோம். பரிசோதித்தவர் தம் பெயரைக் கொடுத்தார். பெயரோடு தம் மானத்தையும் கொடுத்தார். அச்சொல்லை யாம் இங்கே எடுத்தாண்டது அதனாலேயாம்.

இக்காலத்திற் பிழை பார்க்கப் பொறிகளே உளவே, மனிதர் எதற்கு எனச் சிலர் வினவுவர். பொறிகள் பெரிதும் உதவுகின்றன என்பதை மறுக்கமாட்டோம். மேற்கூறிய 32 பிற்றுப் பிழை போன்றவற்றை மொழிபெயர்ப்பு நிரல்களே பலமுறை எச்சரிக்கும். இயந்திரங்கள் இரவு பகலாக ஒட்டுகளை ஓட்டிப் பார்க்கின்றன. ஆனால், “படித்தவை” எனப் பெயரிட்ட எண்ணி உண்மையில் எழுதியவற்றையும் சேர்த்து எண்ணுமாயின், அதனைப் பொறி எவ்வாறு அறியும்? இலக்கணப்படி அத்தொடர் சரி, ஓட்டமும் சரி, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவே பிழை. சாதனத்தின் விதிநூலை ஒரு கையிலும் செய்நிரலை மறுகையிலும் வைத்துப் படிப்பவருக்கே அது புலப்படும்.

மற்றுஞ் சிலர், பரிசோதித்தவர் கண்ணையும் தப்பிய பிழைகள் இல்லையோ என்பர். உள. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில், வந்த செய்தி தன் நீளமெனக் கூறியதை அளந்து பாராமல் நம்பிய பிழையொன்று, ஒருவர் பரிசோதனையையும் கடந்து 2011 ஆம் ஆண்டின் இறுதியிற் புகுந்து, 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் பெயருடன் வெளிப்பட்டு உலகை நடுங்கவைத்தது. இதனாற் பரிசோதனை வீண் என்பது பெறப்படாது. ஒருவர் படித்தல் போதாது, படிப்போரைப் பெருக்குதல் வேண்டும் என்பதே பெறப்படும். எழுதுவோர்க்கு ஊதியமும் புகழும் உண்டு. படிப்போர்க்கு அவை அரிது. ஆதலின் கேர்னல் உலகிலும் எழுதுவோர் தொகைக்கேற்பப் படிப்போர் இல்லை என்று எம் மாணவர் வருந்தினார். அவ்வருத்தம் எமக்குப் பழகியதே. எம் நாட்டிற் கவியரங்கம் ஏறுவோர் பலர்; அச்சுப்பிழை பார்க்க அழைத்தால் வருவோர் சிலர்.

பரிசோதிப்போரின் நாவைப் பற்றியும் ஒரு சொல். குற்றம் காண்பதும் குற்றம் சாட்டுவதும் ஒன்றல்ல. கேர்னல் உலகிலே கடுஞ்சொல் நெடுங்காலம் வழங்கியது. 2018 செப்ரெம்பரில் டோர்வால்ட்ஸ் தாமே தம் கடுமொழிகளுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார்; நடத்தைக்கான விதிகளும் அப்போது வகுக்கப்பட்டன. செய்நிரல் பிழையுடையது எனல் வேறு. எழுதியவன் மூடன் எனல் வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியராகிய நாமும் பலமுறை மறந்திருக்கின்றோம். சிவப்பு மைக்கு அஞ்சி எழுதுவதையே கைவிட்ட மாணவர் எத்தனை பேர்! அதற்காக, மனம் நோகும் என அஞ்சிப் பிழையைக் காட்டாது விடுதலும் அன்பாகாது.

இனி, எம் கல்லூரிக்கு வருவோம். இங்கே எழுதப் பழக்குகின்றோம், பேசப் பழக்குகின்றோம், இப்பொழுது செய்நிரல் ஆக்கவும் பழக்குகின்றோம். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்துக் குற்றமும் குணமும் கூறப் பழக்குகின்றோமா? இல்லை. அவ்வேலையை ஆசிரியர் ஒருவரே செய்கின்றார். நாற்பது கொப்பிகளைச் சுமந்து வீடு செல்லும் அவர் எத்தனையை உண்மையாகப் படிப்பார் என்பது அவர் மனச்சாட்சி அறியும். ஆகவே யாம் வேண்டுவது இது. தமிழ்க் கட்டுரையாயினும் செய்நிரலாயினும், ஆசிரியரிடம் வருமுன் உடன்மாணவர் ஒருவர் அதனைப் படித்து, ஐயங்களை எழுதி, எழுதியவர் திருத்தியபின் “பரிசோதித்தவர்” எனத் தம் பெயரை அடியில் இடுதல் வேண்டும். புள்ளி வழங்கும்போது எழுதியவருக்கு ஒரு பங்கும் பரிசோதித்தவருக்கு ஒரு பங்கும் வழங்குதல் வேண்டும். படியாது பெயரிட்டவர் அப்பங்கை இழத்தல் வேண்டும். பரிசளிப்பு விழாவிற் சிறந்த கட்டுரையாளருக்குக் கிண்ணம் வழங்கும் பழைய மாணவர், சிறந்த பரிசோதகருக்கும் ஒன்று வழங்கினால் எம் உள்ளம் குளிரும்.

ஆசிரியத் தோழருக்கும் ஒன்று கூறுவோம். நாம் இடும் புள்ளிகளும் அளவைகளே. வினாத்தாளும் விடைப்பட்டியலும் நம் அளவுகருவிகள். அவற்றிற் பிழை இருப்பின் பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. பரிசோதிக்கும் கையொப்பம் அலுவலகச் சடங்கன்று. நேரமில்லையாயின் “படிக்கவில்லை” என எழுதித் திருப்பிக் கொடுத்தல் நன்று. அஃது எவருக்கும் தீங்கு செய்யாது.

பழைய மாணவராகிய பெரியோர் பலர் இன்று கந்தோர்களிலும் மன்றுகளிலும் வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் நாள்தோறும் கையொப்பமிடும் நிலையில் உள்ளனர். அவர்தம் கையெழுத்தின் மேலே உள்ளதை நம்பியே அறியாதவர் பலர் வாழ்கின்றனர். அவர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எமக்கில்லை. எம் பதினோராம் வினாவை மாத்திரம் அவர்கள் நினைவில் வைப்பாராக.

விடைபெறும்பொழுது எம் மாணவர் மேசையிலிருந்த கொப்பிகளுள் ஒன்றை எடுத்துப் புரட்டினார். யாம் திருத்தி முடித்து ஒப்பமிட்ட கொப்பி அது. மூன்றாம் பக்கத்தில் ஒரு சந்திப் பிழையைச் சுட்டி, “இதை விட்டுவிட்டீர்கள் சேர்” என்றார். சுழித்தோம். முன்னாளில் தம் கட்டுரையைத் தாமே திரும்பப் படிக்க விரும்பாத பிள்ளை அவர். கல்லூரி அன்னை கொடுக்காது விட்ட இப்பயிற்சியை வெளியுலகம் அவருக்குக் கொடுத்திருக்கின்றது. இனி வரும் பிள்ளைகளுக்கு அதனை அன்னையே கொடுப்பாளாக. இக்கட்டுரையையும் அச்சுக்குக் கொடுக்குமுன் எம் உயர்வகுப்பு மாணவர் இருவர் படித்து ஏழு இடங்களிற் குறை கூறினர்; ஆறினைத் திருத்தினோம். ஏழாவதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கின்றது.